கண்ணுக்கும் ஒரு தேர்வு: சிலிக்கான் படப்புள்ளி உணரிகளின் வரலாறு

முன்னுரை

அறிவியல் வரலாறு நம் நூல்களில் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்னதைக் கண்டார் என்னும் செய்தி நமக்குக் கிடைக்கின்றது. அவர் எதனைக் கொண்டு கண்டாரோ அந்தக் கருவி மெய்யுரைப்பது என்பதை முன்னரே உறுதி செய்தவர் யார், அதற்கு அவர்கள் கையாண்ட முறை யாது என்னும் செய்தி எளிதில் கிடைப்பதில்லை.

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் துகள் இயற்பியலுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். ஏட்டுச்சுவடியை அச்சுக்குக் கொண்டுவரும் பதிப்பாசிரியர் முதலில் செய்வது பாட்டைச் சுவைப்பதன்று, ஏட்டைச் சோதிப்பது. எழுத்துச் சிதைந்த இடம் எது, எழுதியவர் பிழைத்த இடம் எது, பிற்காலத்தார் செருகிய இடம் எது எனத் தெளிந்த பின்னரே அவர் பாடலின் பொருளுக்கு வருகின்றார். அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராய்வோரும் இதனையே செய்கின்றனர். அவர்கள் கையில் உள்ள ஏடு, மயிரிழை சில சேர்ந்த தடிப்பே உடைய ஒரு சிலிக்கான் தகடு. அத்தகட்டை அவர்கள் சோதித்துத் தேர்ந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள். கண்டவர் புகழ் பாடுவதினும், கண்டது நம்பத்தக்கது என்று சொல்லும் உரிமையை ஈட்டித் தந்தவர்களின் உழைப்பை எடுத்துக்காட்டுவதே இதன் நோக்கம்.

1. முகிலும் தகடும்

அணுவுக்குட்பட்ட துகள்களை எவரும் கண்ணால் கண்டதில்லை. அவை சென்ற வழியையே கண்டிருக்கின்றோம். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த சி.டி.ஆர். வில்சன் 1894-இல் பென் நெவிஸ் மலையுச்சியின் வானிலை நிலையத்தில் தங்கியிருந்தபோது, முகிலும் வெயிலும் கூடி நிகழ்த்திய ஒளிக்கோலங்களைக் கண்டு வியந்தார். அம்முகிலை ஆய்வுக்கூடத்திற்குள் உண்டாக்க முயன்றதன் பயனாக முகில் கலம் பிறந்தது. ஈரம் நிறைந்த காற்றில் மின்னேற்றமுடைய துகள் ஒன்று பாய்ந்தால், அதன் வழி நெடுக நுண்துளிகள் படிகின்றன. அத்தடத்தை 1911-இல் அவர் ஒளிப்படமாக எடுத்தார். 1927-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயின் தடத்தைக் காண்பது வேறு, தடம் சொல்வதைச் சரியாகப் படிப்பது வேறு. 1932-இல் கலிபோர்னியாவில் கார்ல் ஆண்டர்சன் எடுத்த படம் ஒன்றில், காந்தப் புலத்தினிடையே வளைந்த தடம் ஒன்று இருந்தது. எதிர்மின்னேற்றத்துடன் மேலிருந்து கீழே வந்த துகளா, நேர்மின்னேற்றத்துடன் கீழிருந்து மேலே சென்ற துகளா? இரண்டும் ஒரே வகை வளைவையே காட்டும். இவ்வையத்தை நீக்கும் பொருட்டு ஆண்டர்சன் கலத்தின் குறுக்கே 6 மி.மீ. தடிப்புள்ள ஈயத்தகடு ஒன்றை முன்னரே பொருத்தியிருந்தார். ஈயத்தை ஊடுருவும் துகள் வேகம் இழக்கும். வேகம் இழந்தது மிகுதியாக வளையும். படத்தில் தகட்டின் மேற்புறத்து வளைவே மிகுந்திருந்தது. ஆகவே துகள் கீழிருந்து மேலே சென்றது என்பதும், அது நேர்மின்னேற்றமுடையது என்பதும் உறுதியாயின. பாசிட்ரான் என்னும் எதிர்ப்பொருள் துகள் இவ்வாறு அறியப்பட்டது. அந்த ஈயத்தகடு எதனையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டதன்மேல் எழக்கூடிய ஐயத்திற்கு விடையளித்தது. இவ்வரலாறு முழுவதிலும் அத்தகட்டின் பணியையே நாம் பல உருவங்களில் காணப்போகின்றோம்.

முகில் கலத்திற்கு இணையாக வளர்ந்தது ஒளிப்படக் குழம்பு பூசிய தகடு. வியன்னாவில் மரியட்டா பிளவ், ஹெர்த்தா வாம்பாகர் என்னும் பெண்கள் இருவர் மலையுச்சியில் வைத்தெடுத்த தகடுகளில், அண்டக்கதிர் ஒன்று அணுக்கருவைச் சிதறடித்த விண்மீன் போன்ற வடிவத்தை 1937-இல் கண்டனர். அடுத்த ஆண்டே யூதக் குடியினரான பிளவ் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இந்தியாவில் தேவேந்திர மோகன் போஸும் பிபா சௌதுரியும் டார்ஜிலிங், சந்தக்பு ஆகிய உயரமான இடங்களில் தகடுகளை வைத்து, எலக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகளின் தடங்களை ஆராய்ந்து 1940-களின் தொடக்கத்தில் கட்டுரைகள் வெளியிட்டனர். போர்க்காலமாதலால் மேலும் கூர்மையான தகடுகள் அவர்களுக்குக் கிட்டவில்லை. 1947-இல் பிரிஸ்டலில் செசில் பவல் குழுவினர் செறிவு மிக்க புதிய குழம்பைக் கொண்டு பையான் என்னும் துகளை ஐயத்திற்கிடமின்றி நிறுவினர். 1950-இல் நோபல் பரிசு பவலுக்குக் கிடைத்தது. அவ்வாய்வின் முதல் சிதைவுத் தடத்தை நுண்ணோக்கியில் கண்டவர் மரியட்டா குர்ஸ் என்னும் பெண். தகடுகளை நாள்தோறும் நோக்கியிருந்த பெண்கள் பலருள் அவர் ஒருவர்.

சௌதுரியின் வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. அறிவுக் கூர்மையில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர். கைக்கு வந்த தகட்டின் தரமே அவர் எவ்வளவு உறுதியுடன் பேசலாம் என்பதற்கு எல்லை வகுத்தது.

2. ஒளிப்படம் பின்தங்கியது

1952-இல் டொனால்ட் கிளேசர் குமிழிக் கலத்தை அமைத்தார். கொதிநிலை கடந்தும் கொதியாமல் நிற்கும் நீர்மத்தில் துகள் பாய்ந்தால், அதன் வழியே குமிழிகள் எழும். முகில் கலத்தினும் தெளிவான படங்கள் கிடைத்தன. இலட்சக்கணக்கான படச்சுருள்களை மேசையின்மேல் வீழ்த்தி, தடங்களை அளந்து குறிக்கும் பணியில் பல நாடுகளிலும் பெண்களே பெரும்பாலும் அமர்த்தப்பட்டனர். ஆயின் படம் எடுத்து, கலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மீண்டும் படம் எடுப்பதற்குக் காலம் வேண்டும். அரியதொரு நிகழ்ச்சியைக் காண வேண்டுமாயின் கோடிக்கணக்கான பொது நிகழ்ச்சிகளைக் கழிக்க வேண்டும். அதற்குக் குமிழிக் கலத்தின் வேகம் போதவில்லை.

1968-இல் செர்ன் ஆய்வு மையத்தில் ஜார்ஜ் ஷார்ப்பாக் பல்கம்பி அறையை அமைத்தார். வளி நிறைந்த அறையில் மெல்லிய கம்பிகள் மில்லிமீட்டர் கணக்கிலான இடைவெளியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். துகள் கடந்த இடத்துக்கு அண்மையிலுள்ள கம்பியில் மின்குறி எழும். படச்சுருள் விடைபெற்றது, கணிப்பொறி அவ்விடத்தில் அமர்ந்தது. ஷார்ப்பாக்குக்கு 1992-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வேகம் கிடைத்தது, நுட்பம் போதவில்லை. 1970-களில் அறியப்பட்ட சார்ம், பியூட்டி என்னும் குவார்க்குகளைக் கொண்ட துகள்கள், விநாடியின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு அளவே வாழ்கின்றன. அதற்குள் அவை செல்லும் தொலைவு சில மில்லிமீட்டர் அல்லது அதனினும் குறைவு. பிறந்த இடத்துக்கும் மறைந்த இடத்துக்கும் உள்ள அச்சிறு இடைவெளியைக் காண, மைக்ரான் கணக்கில் பேசும் கண் தேவைப்பட்டது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

3. சிலிக்கான் வந்த வழி

மின்னணுத் தொழிலில் சில்லுகள் செய்யும் முறையைத் துகள் உணரிக்குப் பயன்படுத்தலாம் என 1980-இல் மியூனிக்கில் ஜோசப் கெம்மர் செய்து காட்டினார். சிலிக்கான் தகட்டின் இருபுறமும் வெவ்வேறு வகை மாசுகளை நுண்ணளவிற் கலந்து, எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுத்தால், தகட்டினுள் இயல்பாக உலவும் மின்னூட்டம் யாவும் விலக்கப்படுகின்றது. தகடு ஒலியடங்கிய அவைபோல் ஆகின்றது. அந்நிலையில் துகள் ஒன்று ஊடுருவினால், ஒவ்வொரு மைக்ரான் தொலைவிலும் ஏறத்தாழ 80 எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. 250 மைக்ரான் தடிப்புள்ள தகட்டில் ஏறத்தாழ 20,000 எலக்ட்ரான்கள். விநாடியின் நூறுகோடிப் பங்குகள் சிலவற்றுக்குள் அவை முகப்பை வந்தடைகின்றன. தகடு பேசும் பேச்சு இவ்வளவே. இச்சிறு குரலைக் கேட்டுத்தான் நாம் உலகின் கட்டமைப்பைப் பற்றி முடிவுரைக்கின்றோம் என்பது நோக்கத்தக்கது.

முதலில் இம்முகப்பு நீண்ட கோடுகளாகப் பகுக்கப்பட்டது. செர்னில் என்.ஏ. 11 என்னும் சோதனை, 1980-களின் முற்பகுதியில் ஏறத்தாழ 24 × 36 மி.மீ. அளவுள்ள கோட்டு உணரிகளைக் கொண்டு ஏறத்தாழ 5 மைக்ரான் நுட்பத்தில் தடங்களைக் குறித்தது. நாம் அக்காலத்தில் புகைப்படக் கருவியில் இட்ட படச்சுருளின் ஒரு கட்டமும் இதே அளவினது. பின்னர் செர்னின் லெப் மோதுகருவியிலும், அமெரிக்காவின் பெர்மி ஆய்வகத்திலும் கோட்டு உணரிகள் இடம்பெற்றன. 1995-இல் டாப் குவார்க் கண்டறியப்பட்டபோது, பெர்மி ஆய்வகத்தின் சி.டி.எப். குழுவினருக்கு இவை பெருந்துணையாய் நின்றன.

4. கோட்டிலிருந்து புள்ளிக்கு

கோட்டு உணரிக்கு ஒரு குறை உண்டு. ஒரு கோடு துகள் இன்ன நிரலில் சென்றது என்று சொல்லுமேயன்றி, அந்நிரலில் எவ்விடத்தில் என்று சொல்லாது. குறுக்காக மற்றொரு தகட்டை வைத்தால், இரு கோடுகளும் வெட்டும் இடம் துகள் சென்ற இடமாகும். ஒரு துகள் சென்றால் இது பொருந்தும். ஒரே நேரத்தில் 10 துகள்கள் சென்றால், வெட்டும் இடங்கள் 100. அவற்றுள் மெய்யானவை 10. ஏனைய 90-உம் பொய்த்தோற்றங்கள். இயற்பியலார் இவற்றைப் பேய்ப்புள்ளிகள் என்றே வழங்குகின்றனர். துகள் கூட்டம் பெருகப் பெருக மெய்யினும் பொய் பன்மடங்கு பெருகும்.

இதற்குத் தீர்வு, முகப்பைக் கோடுகளாக அல்லாமல் சிறு கட்டங்களாகப் பகுப்பது. அக்கட்டமே பிக்சல் எனப்படும் படப்புள்ளி. ஒளிப்படக் கருவிகளில் பயன்படும் சி.சி.டி. வகைத் தகடுகளை கிறிஸ் டாமெரெல் குழுவினர் இத்துறையில் கையாண்டனர். ஸ்டான்போர்டில் எஸ்.எல்.டி. சோதனையில் 1996-இல் பொருத்தப்பட்ட கருவி 30.7 கோடிப் புள்ளிகளைக் கொண்டிருந்தது. அவற்றைப் படிப்பதற்குக் காலம் மிகுதியாயிற்று. விநாடிக்கு 4 கோடி முறை மோதல் நிகழவிருந்த பெரும் ஹாட்ரான் மோதுகருவிக்கு அது பொருந்தாது.

ஆகவே உணரும் தகடு ஒன்றும், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி மின்சுற்று கொண்ட படிக்கும் சில்லு ஒன்றும் தனித்தனியே செய்து, இடையில் நுண்ணிய உலோகப் பொட்டுகளால் பற்றவைக்கும் முறை எழுந்தது. எரிக் ஹெய்னே முன்னின்ற ஆர்.டி. 19 என்னும் கூட்டாய்வு 1990-இல் செர்னில் தொடங்கியது. அதன் பயனாகப் பிறந்த உணரிகள் 1990-களின் நடுவில் டபிள்யூ.ஏ. 97 சோதனையில் ஏழு அடுக்குகளாக, ஏறத்தாழ 5 இலட்சம் புள்ளிகளுடன் நின்றன. ஈய அணுக்கருக்கள் மோதும்போது எழும் பெருங்கூட்டத்தில் அவை தடங்களைப் பிரித்துக் காட்டின. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், குவார்க்குகள் கட்டவிழ்ந்து உலவும் புதியதொரு பொருள்நிலைக்குச் சான்றுகள் உள்ளன என்று செர்ன் அறிவித்தபோது, டபிள்யூ.ஏ. 97 அளித்த முடிவுகளும் அச்சான்றுகளுள் இடம்பெற்றன.

5. ஆய்வுக்கூடத் தேர்வு

புள்ளி உணரி ஒன்று செய்து முடிக்கப்பட்டவுடன் பணிக்கு அனுப்பப்படுவதில்லை. அது பல தேர்வுகளை எழுத வேண்டும்.

முதல் தேர்வு தூசியில்லா அறையில் நிகழ்வது. நுண்ணோக்கியின் கீழ்த் தகட்டை வைத்து, ஊசி முனைகளால் தொட்டு, மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துவர். துகள் ஏதும் படாத நிலையிலும் தகட்டில் சிறிதளவு மின்னோட்டம் கசியும். அக்கசிவு சிறிதாகவும் சீராகவும் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் திடீரெனப் பாய்ந்து உயருமாயின், எங்கோ ஒரு கீறலோ மாசோ உள்ளது என்பது பொருள். வெப்பம் ஏறத்தாழ 7 பாகை உயர்ந்தால் கசிவு இரு மடங்காகும். ஆகவே அறையின் வெப்பநிலையைக் குறியாத அளவீடு அளவீடாகாது.

அடுத்தது, ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே வினவுவது. அளவறிந்த மின்னூட்டத்தைச் செலுத்தி, எந்த அளவில் அது வாய் திறக்கின்றது என்று பார்ப்பர். எல்லை மிகத் தாழ்ந்திருந்தால் புள்ளி இல்லாததை உண்டென்று கூறும். மிக உயர்ந்திருந்தால் உள்ளதை இல்லையென்று கூறும். அட்லஸ் கருவியின் முதல் உணரிகளில் இவ்வெல்லை ஏறத்தாழ 4,000 எலக்ட்ரான்கள் என வைக்கப்பட்டது. புள்ளியின் இயல்பான இரைச்சலோ 200 எலக்ட்ரான்களுக்கும் குறைவு. பின்னர் அமெரிசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற கதிரியக்கப் பொருள்களை அண்மையில் வைத்து, எந்தப் புள்ளி ஊமையாய் இருக்கின்றது என்று அறிவர். ஊமைப் புள்ளியின் பொருள், பற்றவைத்த பொட்டு விட்டுப்போயிற்று என்பதாகும். அட்லஸின் 8 கோடிப் புள்ளிகளும், சி.எம்.எஸ். கருவியின் 6.6 கோடிப் புள்ளிகளும் இத்தகைய வினாக்களுக்கு விடையிறுத்தே உள்ளே சென்றன.

இந்திய உழைப்பும் இத்துறையில் உண்டு. சி.எம்.எஸ். கருவியின் ஒரு பகுதிக்குரிய சிலிக்கான் கோட்டு உணரிகள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தால் வடிவமைக்கப்பட்டு, பெங்களூர் பாரத் மின்னணு நிறுவனத்தில் செய்யப்பட்டன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சி.எம்.எஸ். கூட்டாய்வில் இடம்பெற்றுள்ளது.

6. கற்றைத் தேர்வு

ஆய்வுக்கூடத்தில் தேறிய உணரி, உண்மையான துகள்களின் முன்னே நிற்க வேண்டும். இதற்கெனத் தனிக் கற்றைகள் உள்ளன. செர்னின் வட பகுதியில் ஆற்றல் மிக்க பையான் கற்றைகள் கிடைக்கின்றன. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டெசி ஆய்வு மையத்தில், வட்டமாய்ச் சுழலும் எலக்ட்ரான்களின் குறுக்கே மெல்லிய கரி இழை வைக்கப்படும். அங்கெழும் ஒளித்துகள் உலோகத் தகட்டில் பட்டு எலக்ட்ரானாகவும் பாசிட்ரானாகவும் பிரியும். காந்தம் ஒன்று வேண்டிய ஆற்றலுடையவற்றை மட்டும் தெரிந்தனுப்பும். ஆண்டர்சன் ஈயத்தகடு கொண்டு அரிதின் நிறுவிய பாசிட்ரான், இன்று தேர்வுக்கூடத்துப் பணியாள் ஆகிவிட்டது.

இங்கே ஓர் அடிப்படைச் சிக்கல் எழுகின்றது. உணரி துகளைச் சரியான இடத்தில் குறித்ததா என்று அறிய, துகள் உண்மையில் எங்கே சென்றது என்று நமக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். அதனை யார் சொல்வது? மற்றொரு உணரிதான் சொல்ல வேண்டும். அவ்வுணரியைச் சோதித்தவர் யார்? பொன்னை உரைகல்லில் உரைக்கலாம். உரைகல்லை எதில் உரைப்பது?

இதற்கு அவர்கள் கண்ட விடை கற்றைத் தொலைநோக்கி. இது விண்மீன் பார்ப்பதன்று. நுட்பம் மிக்க ஆறு உணரித் தகடுகள் வரிசையாக நிற்கும். சோதிக்கப்படும் தகடு நடுவே, முன் மூன்றும் பின் மூன்றும் சூழ அமையும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 2006 முதல் 2010 வரை நடந்த யூடெட் திட்டத்தில் உருவான தொலைநோக்கியில், ஸ்ட்ராஸ்பூர்க்கில் வடிவமைக்கப்பட்ட மிமோசா 26 என்னும் தகடுகள் உள்ளன. 50 மைக்ரான் அளவே தடிப்புடையவை. புள்ளியின் இடைவெளி 18.4 மைக்ரான். இவற்றைக் கொண்டு, துகள் நடுத்தகட்டை எங்கே கடந்தது என்பதை ஏறத்தாழ 2 மைக்ரான் நுட்பத்தில் கூற இயலும்.

ஆறு தகடுகளையும் கையால் எவ்வளவு கவனத்துடன் நிறுத்தினாலும் மைக்ரான் அளவில் அவை பிறழ்ந்தே நிற்கும். அப்பிறழ்ச்சியைத் திருத்துவது துகள்களே. நேர்கோட்டில் சென்ற துகள்களின் தடங்களைப் பல்லாயிரக்கணக்கில் தொகுத்து, எத்தகட்டை எவ்வளவு நகர்த்திக் கணக்கிட்டால் தடங்கள் யாவும் நேராகின்றன என்று பார்ப்பர். ஒரு சுவடி தனியே உண்மை சொல்லாதபோது பல சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தை மீட்பது போன்றது இது. தனித்தனியே ஐயத்திற்குரிய சான்றுகள், ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் வகையில் தொகுக்கப்படும்போது, எந்த ஒன்றினும் உறுதியான சான்றாகின்றன. உரைகல்லின் சிக்கலுக்கு இதுவே விடை.

தேர்வின் அறமும் கடுமையானது. சோதிக்கப்படும் தகடு தரும் செய்தியைத் தடம் வரைவதற்கு எடுத்துக்கொள்ளலாகாது. தடம் ஏனைய ஆறு தகடுகளால் மட்டுமே வரையப்படும். பின்னரே நடுத்தகட்டை நோக்கி, 'இவ்விடத்தில் நீ ஏதேனும் கண்டாயா?' என்று வினவுவர். விடைத்தாளை எழுதியவரே திருத்தலாகாது என்னும் நம் கல்லூரி விதிதான் இது. நூறு தடங்களுக்கு எத்தனை விடை வந்தது என்பது திறன். வந்த விடை தடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பது நுட்பம். 50 மைக்ரான் அகலமுள்ள புள்ளி ஒன்று தனியே பேசினால் ஏறத்தாழ 14 மைக்ரான் நுட்பம் கிடைக்கும். பக்கத்துப் புள்ளியும் மின்னூட்டத்தைப் பகிர்ந்துகொண்டால் நுட்பம் மேலும் கூடும். திறன் 99 விழுக்காட்டைச் சூழ்ந்து நிற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

ஆசிரியரின் பிழை மாணவரின் பிழையாக எண்ணப்படும் இடமும் உண்டு. மிமோசா தகடு ஒருமுறை படித்து முடிக்க ஏறத்தாழ 115 மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்கின்றது. அதற்குள் பல துகள்கள் கடந்துவிடக்கூடும். சோதிக்கப்படும் உணரியோ 25 நானோ விநாடிகளைக் கொண்ட குறுகிய காலத்துக்குள் வந்தவற்றை மட்டுமே குறிக்கும். உணரி விழித்திராத பொழுதில் சென்ற துகளின் தடத்தைக் காட்டி, 'இதனை ஏன் காணவில்லை?' என்று கேட்டால், நல்ல உணரியும் தோற்றதாகவே கணக்கு வரும். ஆகவே வேகமாகப் படிக்கும் மற்றொரு தகட்டையும் உடன் நிறுத்தி, அது சான்று பகர்ந்த தடங்களை மட்டுமே தேர்வுக்கு எடுத்துக்கொள்வர். கேட்பவருக்கும் தேர்வு உண்டு என்பதை இம்முறை உணர்த்துகின்றது.

7. முதுமைத் தேர்வு

புதிதாய் இருக்கையில் நன்கு பேசும் தகடு, பத்தாண்டு கதிர்வீச்சில் நின்ற பின் என்ன பேசும்? மோதல் நிகழும் இடத்துக்கு ஐந்து செ.மீ. தொலைவில் நிற்கும் அட்லஸ் உணரிகள், ஒரு சதுர செ.மீ. பரப்பில் நூறு கோடியைப் பத்து இலட்சத்தால் பெருக்கிய அளவு நியூட்ரான்களுக்கு நிகரான தாக்குதலைத் தாங்க வேண்டும் என வகுக்கப்பட்டது. அவ்வளவு துகள்கள் ஊடுருவும்போது, சிலிக்கான் அணுக்கள் தம் இடத்தினின்றும் பெயர்கின்றன. கசிவு மின்னோட்டம் உயர்கின்றது. விடுபட்ட எலக்ட்ரான்கள் வழியிலேயே சிறைப்படுகின்றன. ஒருவகைத் தன்மையுடைய சிலிக்கான், காலப்போக்கில் அதற்கு எதிர்வகைத் தன்மையை அடைந்துவிடுகின்றது.

பத்தாண்டு காத்திருந்து இதனை அறிய இயலாது. ஆகவே உணரிகளைச் செர்னின் புரோட்டான் கற்றையிலும், ஸ்லோவேனியாவின் லூப்லியானா நகரத்து அணு உலையிலும் வைத்து, பல்லாண்டு முதுமையைக் குறுகிய காலத்தில் ஏற்றுவர். பின்னர் மீண்டும் கற்றைத் தொலைநோக்கியின் நடுவே நிறுத்துவர். 1990-களின் பிற்பகுதியில் ஆர்.டி. 48 குழுவினர், ஆக்சிஜன் கலந்த சிலிக்கான் புரோட்டான், பையான் போன்றவற்றை நன்கு தாங்குகின்றது என்றும், நியூட்ரான்களுக்கு அதே நன்மை இல்லை என்றும் கண்டனர். அட்லஸ் உணரிகள் அவ்வகைச் சிலிக்கானில் செய்யப்பட்டன; தன்மை மாறிய பின்னும் பேசக்கூடிய அமைப்பும் அவற்றுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. கதிர்வீச்சுக்குப் பின் அறை வெப்பத்தில் விட்டுவைத்தால், தகடு முதலில் சற்றுத் தேறி, பின்னர் மேலும் நலிகின்றது என்பதும் இத்தேர்வுகளால் தெரிந்தது. ஆதலின் பழுதுற்ற உணரிகள் பணியில்லாப் பொழுதிலும் குளிரிலேயே வைக்கப்படுகின்றன. 1997-இல் ஷெர்வுட் பார்க்கரும் உடனாய்வாளரும் வெளியிட்ட கருத்தின்படி, மின்வாய்களைத் தகட்டின் முகத்தில் பதியாமல் தூண்களாக உள்ளே இறக்கிய முப்பரிமாண உணரிகள், இத்தகைய தேர்வுகளைக் கடந்து 2014-இல் அட்லஸின் புதிய உள்ளடுக்கில் இடம்பெற்றன.

8. தேர்வில் அகப்படாத பிழை

எத்தேர்வும் முழுமையானதன்று. 2017-இல் சி.எம்.எஸ். குழுவினர், 12.4 கோடிப் புள்ளிகள் கொண்ட புதிய கருவியைப் பொருத்தினர். அவ்வாண்டின் பிற்பகுதியில், உணரிகளுக்கு மின்னழுத்தத்தை மாற்றித்தரும் சிறு சில்லுகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. உணரியில் பழுதில்லை, உணவூட்டும் உறுப்பில் பழுது. அச்சில்லுகள் கதிர்வீச்சுத் தேர்வுகளைக் கடந்தவையே. கதிர்வீச்சு ஏற்ற பின் அவற்றை அணைத்து வைக்கும் நிலையில், உள்ளே சேரும் கசிவு மின்னோட்டம் சேதம் விளைக்கின்றது என்பது பின்னரே ஆராய்ந்தறியப்பட்டது. 2017–18 குளிர்காலத்தில் கருவி வெளியே எடுக்கப்பட்டு, சில்லுகள் யாவும் மாற்றப்பட்டன. தேர்வு என்பது நாம் கேட்க எண்ணிய வினாக்களுக்கே விடை தருகின்றது. கேளாத வினாவைப் பணிக்களம் கேட்டுவிடுகின்றது. இதனை மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் அடுத்த தலைமுறைத் தேர்வில் அவ்வினாவும் சேர்க்கப்பட இயலும்.

முடிவுரை

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்டது. அது பியூட்டி குவார்க் இணையாகச் சிதைவதை 2018 ஆகஸ்டில் அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரு குழுவினரும் உறுதி செய்தனர். மில்லிமீட்டர் அளவே சென்று மறையும் பியூட்டித் துகளை அடையாளம் காட்டியவை இந்தப் புள்ளி உணரிகளே. ஆர்.டி. 19 வழியில் பிறந்த மெடிபிக்ஸ் சில்லுகள் மருத்துவத்துக்கும் சென்றன. 2018-இல் நியூசிலாந்தில் மனித உடலின் முதல் வண்ண முப்பரிமாண எக்ஸ்-கதிர்ப் படங்கள் அவற்றால் எடுக்கப்பட்டன. 2021-இல் ஆலிஸ் சோதனையில் 1,250 கோடிப் புள்ளிகள் கொண்ட கருவி பொருத்தப்பட்டது. 2030-ஆம் ஆண்டளவில் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ள மேம்பட்ட மோதுகருவிக்கு, முன்னையதினும் பத்து மடங்கு கதிர்வீச்சைத் தாங்கும் உணரிகள் கற்றைத் தேர்வுகளில் நின்று வந்துள்ளன.

ஹிக்ஸ் துகளை அறிவித்த கட்டுரைகள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3,000 பெயர்கள் வரிசையாக உள்ளன. ஊசி முனையால் தகட்டைத் தொட்டவர், இரவு முழுதும் கற்றையின் அருகே விழித்திருந்தவர், ஊமைப் புள்ளிகளை எண்ணியவர் ஆகியோரும் அவ்வரிசையில் இருக்கின்றனர். யார் எதனைச் செய்தார் என்பதை அவ்வரிசை சொல்லாது. குர்ஸும் சௌதுரியும் தனித்த பெயர்களாகவாவது நமக்கு எஞ்சினர். இவர்கள் ஒரு பட்டியலின் உறுப்புகளாயினர். ஏடு பெயர்த்தெழுதியோர் பலரின் பெயரை நாம் அறியோம்; அவர்கள் எழுத்துப் பிழையின்றி எழுதியதால்தான் புலவரின் பெயரை அறிந்திருக்கின்றோம்.

நம் வட்டம் பத்தாண்டுகளாக மேற்கொண்டுவரும் பணியும் இதற்கு முற்றிலும் அயலானதன்று. ஒரு கவிதை அச்சேறும் முன் அவையில் படிக்கப்படுகின்றது. எழுதியவர் அமைதியாக இருக்க, ஏனையோர் தமக்குக் கேட்டதைச் சொல்கின்றனர். அங்கே பாராட்டுவதினும் அரிய பணி, இல்லாத பொருளை இருப்பதாகக் கேட்காமலும், இருக்கும் பொருளைக் கேளாமல் விட்டுவிடாமலும் இருப்பது. அவ்வாறு கேட்டவர்களின் பெயர் கவிதையின் கீழ் அச்சாவதில்லை. வட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், வெளிவந்த நூல்களின் பட்டியலோடு நில்லாமல், அந்நூல்களைக் கேட்டுத் தேர்ந்த செவிகளையும் குறித்து வைப்பார்களாயின், அவ்வரலாறு முழுமை பெறும்.